நான் வேல்ஸ்காரனாக இருந்த குளிர்காலம்

முன்னோர்களைத் தேடிப் போகிற எவனும் மூட்டை தூக்கியவனைத் தேடிப் போவதில்லை. ஒரு ராஜா, போனால் போகிறது, ஒரு ஜமீன் கணக்குப்பிள்ளையாவது கிடைக்கமாட்டாரா என்றுதான் தோண்டுகிறான். நான் ஒரு படி மேலே போய் வெள்ளைக்காரனைத் தேடினேன். கிடைத்தும் விட்டான். அதுதான் வினை.

அப்போது கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். படிப்பு சுமார், சம்பளம் அதைவிடச் சுமார். தலைக்கனம் மட்டும் குறிஞ்சியாண்டவர் கோயில் உயரத்துக்கு இருந்தது. என் பெயர் ஜெபராஜ் ஓவன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் இந்த ஓவன் உண்டு. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நான் இணையத்தைக் கேட்டேன். டபிள்யூ போட்டு எழுதினால் அது வேல்ஸ் நாட்டின் பழைய குடும்பப் பெயர் என்றது. அன்று இரவே கண்ணாடி முன் நின்று என் மூக்கைப் பக்கவாட்டில் ஆராய்ந்தேன். (அது அப்பட்டமான திண்டுக்கல் மூக்கு.)

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டேன்.

“மெதுவா திருப்புங்க தம்பி. தாளு அப்பளமாட்டம் கெடக்கு” என்று எடுத்துக் கொடுத்தார்.

என் கொள்ளுத் தாத்தா சாமுவேல் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவைத்த பதிவு இருந்தது. தகப்பன் பெயர் சாமுவேல் ஓவன். சுழித்துச் சுழித்து எழுதிய ஆங்கிலத்தில், டபிள்யூ போட்டு! தொழில் என்ற இடத்தைக் கரையான் தின்றிருந்தது. அங்கே ‘காப்பித் தோட்ட முதலாளி’ என்று நானே மனதுக்குள் நிரப்பிக்கொண்டேன்.

வம்சம் தேடுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் இதைப் போட்டேன். வேல்ஸிலிருந்து டெரெக் ஓவன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார் பதில் எழுதினார். அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனாரின் தம்பி தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் போட வந்தாராம். பிறகு தகவலே இல்லையாம். எனக்கு அது போதாதா? அவர்தான் சாமுவேலின் அப்பா என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

அதன்பின் நான் செய்ததை நினைத்தால் அந்தப் பயலை இன்றைக்கும் அறையலாம் போலிருக்கிறது. ‘எங்க ரத்தத்துக்குக் குளிர் ஒட்டாது’ என்று ஜனவரி மாதம் ஸ்வெட்டர் இல்லாமல் திரிந்து, நெஞ்சுச்சளியோடு மாதம் முழுக்க இருமினேன். பெரும்பாறையில் பங்காளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் முள்கரண்டி கேட்டேன். (கேட்டேன். மறுப்பதற்கில்லை. வீடியோவில் இருக்கிறது.)

டெரெக் தம்பதி நேரிலேயே வந்துவிட்டார்கள். ஹோட்டல் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அந்த மனிதர் கண் கலங்கினார். கையோடு கொண்டுவந்த வம்சவரைபடத்தின் கடைசிக் கிளையில் என் பெயர் அச்சடித்திருந்தது. நெகிழ்ச்சியில் நான் கேட்டேன்: “வேல்ஸ் இங்கிலாந்தில் எந்தப் பக்கம்?”

அவர் கை தளர்ந்தது. “எந்தப் பக்கமும் இல்லை, அது தனி நாடு” என்றார் அவர் மனைவி. விருந்தாளிகள் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மறுநாள் ஜீப் பிடித்துத் தாண்டிக்குடி போனோம். நாள் முழுக்க மிளகுக்கொடிக்கு நடுவே அந்தக் காப்பித் தோட்டக்காரரின் கல்லறையைத் தேடி, அட்டைக்கடிதான் மிச்சம். திரும்பும் வழியில் பண்ணைக்காட்டில் எஸ்தர் அத்தை வீட்டில் சாப்பாடு. என் அப்பாவின் அக்கா. வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள், சமைத்து வையுங்கள் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

டெரெக் சாப்பிட்டு முடித்ததும் பணிவாகக் கேட்டார்: “உங்கள் தாத்தா சாமுவேல் ஓவனைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?”

நான் மொழிபெயர்த்தேன். அத்தை முகம் மலர்ந்துவிட்டது.

“இல்லாமயா? வெள்ளனே எந்திரிச்சு அடுப்புல நிப்பாரு. வெள்ளக்காரங்க விடுதிக்கு ரொட்டி பூராம் எங்க தாத்தா சுட்டதுதான். அதான ஓவன் சாமுவேல்னு பேரு! நம்ம டிரைவர் கண்ணன், போஸ்ட்மேன் ராசுன்னு சொல்றதில்லயா?”

நான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“என்ன சொல்கிறார்?” என்றார் டெரெக்.

“தாத்தா மிகவும் வெதுவெதுப்பான மனிதர் என்கிறார்” என்றேன்.

என் ஆங்கிலத்தின் நீளம் போதவில்லை என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து, கையில் துடுப்பு பிடிப்பதுபோல் பிடித்து, உள்ளே தள்ளி வெளியே இழுத்துக் காட்டினார். “மிஸ்டர்! பிரெட்! ஃபயர்! ஓவன்!”

டெரெக்கின் மனைவி தட்டின் மேல் கவிழ்ந்து சிரிக்க ஆரம்பித்தார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடுவேனா?

“பதிவேட்டுல டபிள்யூ போட்டிருக்கு அத்தை! சாமுவேலோட அப்பா வேல்ஸ்காரர்!”

“காதுல விழுந்தத எழுதியிருப்பான் எழுதுனவன். அது கெடக்கு. இப்ப என்னலே சொன்ன?” அத்தை கரண்டியை எடுத்துக்கொண்டார். “எங்க தாத்தாவுக்கு அப்பன் வெள்ளக்காரன்னா, அவரப் பெத்த மகராசிய நீ என்னன்னு சொல்ற?”

அந்த நிமிஷம்வரை அப்படி ஒரு பெண் இருந்தாள் என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஒரு மூக்குக்காகவும் ஒரு எழுத்துக்காகவும், அவளை ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குக் கட்டிவைத்து இணையத்திலும் போட்டிருக்கிறேன். கரண்டி தோளில் விழுந்தது. டெரெக் தடுக்கவில்லை. நியாயம் என்று அவருக்கும் பட்டிருக்கும்.

கிளம்பும்போது, என் பெயரை வரைபடத்திலிருந்து அடித்துவிடச் சொன்னேன்.

“இருக்கட்டும். என் சொந்தப் பங்காளிகள் ஒருவர்கூட எனக்குச் சோறு போட்டதில்லை” என்றார் டெரெக்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கோயில் நிறைய ஜனம். பதிவேட்டில் எழுதப்போன போதகர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “தம்பி, ஓவனுக்கு வீ போடணுமா, டபிள்யூ போடணுமா?”

நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து அத்தை குரல்: “வீ போடுங்க பாஸ்டர்! அவனுக்கு ரொட்டி சுடத் தெரியாது, ஆனா எங்க வீட்டுப் புள்ளதான்!”

மணப்பெண் முகத்திரைக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

இப்போதெல்லாம் எங்கள் சொந்தத்தில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. ‘எந்த நாடு?’ என்றுதான் கேட்கிறார்கள். என் மகள் பிறந்த அன்று பிரசவ அறை வாசலில் அப்படிக் கேட்டவர் என் மாமியார்.