நெய்வேலியில் ஒரு துறைமுகம்

கடல் எட்டிக்கூடப் பார்க்காத நெய்வேலியில் ஒரு துறைமுகம் இருந்தது என்றால் சிரிப்பீர்கள். இருந்தது. ஐந்தடி உயரம், கட்டம் போட்ட லுங்கி, காதில் செருகிய பீடி. ஊருக்கே அவர் பெயர் ஹார்பர்.

குள்ளஞ்சாவடிக்காரர். அந்தமானில் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வெகுகாலம் மூட்டை தூக்கிவிட்டு வந்து, நகரியத்து பஸ் நிலையத்தில் டீக்கடை போட்டிருந்தார். அங்கே சென்னைக் கப்பல் வருகிற நாளில் தீவே துறைமுகத்தில்தான் நிற்குமாம். வெங்காயம், பழைய பேப்பர், புது வாத்தியார், கல்யாண மாப்பிள்ளை எல்லாம் ஒரே கப்பலில் வந்து இறங்குமாம். தெரிந்தவரோ தெரியாதவரோ, கடைசி ஆள் வீடு போய்ச் சேரும்வரை கரையை விட்டு நகரக் கூடாது என்பார்.

அந்த வழக்கத்தை அப்படியே சென்னை பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார். காலையில் பஸ் வந்ததும் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவார். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் வாந்தி எடுத்தீர்களா என்று விசாரித்து எலுமிச்சம்பழம் நீட்டுவார். டை கட்டிய புது அதிகாரியும் தப்பவில்லை. ஒருமுறை, ஒதுங்கிவிட்டு வர இறங்கிய விருத்தாசலத்துக்காரரின் பெட்டியையும் பாசத்தோடு இறக்கிவைத்து, அவர் திரும்புவதற்குள் பஸ்ஸை வழியனுப்பிவிட்டார்.

குவார்ட்டர்ஸுக்குள் ஸ்மார்ட்போன் நுழைந்த சமயம், என் அக்கா சென்னையில் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டாள். மைன்ஸில் ஷிப்ட் பார்த்த அப்பா, இனி வாசல்படி மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். இரண்டு வருடம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு, புருஷனோடும் கைக்குழந்தையோடும் வருவதாக அம்மாவுக்குப் போன் செய்தாள். அழைத்து வர யாரும் போகக் கூடாது என்று கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார் அப்பா. அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் ஹார்பர் வழக்கம்போல நின்றிருக்கிறார். எலுமிச்சம்பழம் கொடுத்து, விஷயத்தைக் கறந்து, மூவரையும் ஆட்டோவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார். பிளாக்கே எழுந்து பார்க்கும்படி ஹாரன் அடிக்கவைத்து எங்கள் கேட்டில் வந்து இறங்கினார். குழந்தை அவர் தோளில் இருந்தது.

வந்த வழியே திருப்பி அழைத்துப் போகச் சொன்னார் அப்பா.

"எப்டி சார் இட்டுகினு போறது? கப்பல் போயிடுச்சே," என்றார் ஹார்பர். "எறங்கினவங்கள கரையில வுட்டுட்டுப் போற வழக்கம் எங்க ஹார்பர்ல கெடையாதுங்க. நீங்க தொறக்கிற வரைக்கும் நான் இங்கதான் நின்னுகினு இருப்பேன்."

நின்றார். கடையில் பால் பொங்கி வழிந்திருக்கும், அதைப் பற்றிய கவலையே இல்லை. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை அவர் சட்டையை நனைத்தது.

அப்பா சாவியை எடுத்தார். கேட்டைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, அக்காவையும் அத்தானையும் பார்க்காமலே, "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார். பிறகு ஹார்பருக்குத் தன் சட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார்.

முழங்கால் வரை தொங்கிய அப்பாவின் சட்டையில் ஹார்பர் தெரு நடுவே நடந்து போனார். மந்திரி போயிருந்தால்கூட நான் அப்படி வாசலில் நின்று பார்த்திருக்க மாட்டேன். அவர் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் இன்றைக்கும் எனக்கு அத்தனை பெருமை.