விருச்சிக ராசிக்கு ஃபிக்ஸட் லென்ஸ்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தியாகராய நகரில் கடை வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரே கவலை. வியாபாரமா? இல்லை. வரியா? அதுவும் இல்லை. வாசலில் மாட்டுகிற கேமராவுக்கு எந்த லென்ஸ் என்பதுதான்.

கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு கறுப்புக் கேமராவைக் கடை வாசலில் மாட்டும் பழக்கம் அப்போதுதான் உஸ்மான் ரோட்டுக்குள் நுழைந்திருந்தது. டோம் கேமரா என்றார்கள். அதில் இரண்டு வகை. ஃபிக்ஸட் லென்ஸ் என்பது பிறந்தபோது எவ்வளவு அகலம் பார்த்ததோ, அதையேதான் ஆயுசுக்கும் பார்க்கும். வேரிஃபோகல் என்பதை மாட்டுகிறபோது திருகி, பரந்து பார்க்கவும் வைக்கலாம், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டவும் வைக்கலாம். எது வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு மனிதனுக்குத் தேவை ஒரு டேப்பும் கொஞ்சம் மூளையும். ஜவுளிக் கடைகளில் டேப்புக்குப் பஞ்சமில்லை. மற்றதற்குத்தான் எல்லாரும் மயிலாப்பூருக்குப் போனார்கள்.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்ரீ நேத்ரானந்தர் எழுந்தருளியிருந்தார். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் எல்லாம் அசையாத ராசியாம். அவர்களுக்கு ஃபிக்ஸட். மேஷம், கடகம், துலாம், மகரம் அலைகிற ராசியாம். அவர்களுக்கு வேரிஃபோகல். மிச்சமுள்ள நாலும் இரண்டும் கெட்டான் ராசி. அவர்களுக்கு? இரண்டு கேமரா! கிரகங்கள் எவ்வளவு வியாபார புத்தியோடு சுற்றுகின்றன பாருங்கள்.

காலையிலேயே ஜாதகமும் கையுமாகச் சந்து நிரம்பிவிடும். நகைக்கடைக்காரர் வருவார், பாத்திரக்கடைக்காரர் வருவார். கடையே இல்லாத ஒருவர்கூட வந்து, தன் மகளுக்குக் கல்யாணம் கூடிவர எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டார். "வரன் தூரத்திலிருந்து வருகிறான். வேரிஃபோகல்" என்று அருளினார் சாமி. அவரும் வாங்கிக்கொண்டு போய் வீட்டு வாசலில் மாட்டினார். வரன் வந்தானா என்று கேட்காதீர்கள். லென்ஸ் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

கேமராவை வெளியே வாங்கக் கூடாது. மந்திரம் ஏற்றிய 'ஞானக்கண் டோம்' சாமியிடமே கிடைக்கும். அதைத் திறந்து பார்க்கவும் கூடாது. பார்த்தால் கண் அவிந்துவிடும் என்பது ஐதீகம். ஐதீகத்தை எழுதியவரும் அவரே.

உஸ்மான் ரோடு தங்கவேல் சில்க்ஸ் முதலாளி தங்கவேலுக்கு விருச்சிக ராசி. ஆகவே ஃபிக்ஸட். வாசலில் டோம் ஏறியது, அதற்குள் சிவப்பு விளக்கு மினுக்கியது. பின்னறையில் மஞ்சள் துணி போர்த்திய ஒரு டிவி வந்து உட்கார்ந்தது. துணியை விலக்கினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும்.

"சாமி, ஒண்ணும் தெரியலீங்களே?" என்றார் தங்கவேல்.

"உனக்குத் தெரியாது, தங்கவேலு. பக்குவம் இல்லாதவன் கண்ணுக்குப் புள்ளி. எனக்கு எல்லாம் தெரிகிறது."

கூடவே ஒரு பரிகாரமும் சொன்னார். தினம் காலை கடை திறந்ததும் முதலாளி தன் கையாலேயே டோமுக்கு நேர் கீழே ஒரு பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் கடையில் இருக்கிற அத்தனை பேரும், வாட்ச்மேன் உட்பட, உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு கற்பூர ஆரத்தி எடுக்க வேண்டும். நடுவில் யாராவது கண்ணைத் திறந்தால் ஞானக்கண் மூடிக்கொள்ளும். காவலுக்குக் கேமரா வாங்கிய மனிதர் காவல்காரனைக் கண்ணை மூடச் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பரிகாரம் ஆரம்பித்த வாரத்திலேயே திருட்டும் ஆரம்பித்தது.

கடை வாசலில் நடைபாதையை ஒட்டி இரண்டு பெண் பொம்மைகள் நிற்கும். தினமும் அவற்றுக்குப் புடவை கட்டி நிறுத்துவது ரோஸியின் வேலை. சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் கொசுவம் வைத்தால் பொம்மைக்கே வெட்கம் வரும் என்று கடையில் சொல்வார்கள். சர்ச்சுக்குப் போகிறவள் என்று ஆரத்தியிலிருந்து அவளுக்கு மட்டும் விலக்கு. பூஜை நேரத்தில் அவள் மாடியில் அன்றைக்கு வேண்டிய சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பாள். அன்றொரு நாள் கீழே வந்து பார்த்தால், ஒரு பொம்மை கட்டியிருந்த புடவையைக் காணோம். பட்டப்பகலில், உஸ்மான் ரோட்டைப் பார்த்துச் சிரித்தபடி, பொம்மை பிறந்த மேனியாக நின்றது. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போகிற கூட்டம் பாதி அங்கேயே ரயிலை விட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். அப்புறம் மறுபடியும். போனதெல்லாம் மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவைகள். பக்கத்துப் பொம்மையின் பாலிஸ்டரை யாரும் தொடவில்லை.

தங்கவேல் மயிலாப்பூருக்கு ஓடினார். நேத்ரானந்தர் கண்ணை மூடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பொம்மைகளைத் தொடுகிறவர் யார்?"

"ரோஸின்னு ஒரு பொண்ணு சாமி."

"அவள்தான்! கஞ்சிப் புடவை மேல் அவளுக்குக் கண். வெள்ளிக்கிழமை நானே வந்து கையும் களவுமாகக் காட்டுகிறேன். உன் ராசி விருச்சிகமானாலும் லக்னம் கடகம். லென்ஸையும் வேரிஃபோகலாக மாற்றிவிடலாம்."

தங்கவேல் திரும்பி வந்து ரோஸியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமையோட நீ நின்னுக்க. போலீசுக்குப் போகாம விடறேன், அதுவே பெரிசு."

"இன்னா மொதலாளி சொல்ற? நான் எடுத்தத நீ பாத்தியா?"

"சாமி பாத்துட்டாரு."

"சாமி என் மூஞ்சியையே பாத்ததில்லியே!"

"ஞானக்கண்ணுக்கு மூஞ்சி எதுக்கு?"

ரோஸி நடக்கப்போவதை எண்ணிப் பார்த்தாள். புடவை திருடினாள் என்ற பேரோடு உஸ்மான் ரோட்டைவிட்டுப் போனால் எந்தக் கடைப் படியும் ஏற முடியாது. அது போகட்டும். குப்பத்தில் அம்மா மீன்கூடையை இறக்கி வைக்கும் இடமெல்லாம் இந்தப் பேச்சுத்தான் ஓடும். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளைப் பாண்டி பஜார் சந்து ஒன்றில் கேமரா விற்கும் ஜலஜாவிடம் கொண்டுபோய் விட்டது.

ஜலஜா ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வா ரோஸி. இப்பத்தான் ஒருத்தர் கடக ராசிக் கேமரா இருக்கான்னு கேட்டார். இல்லேன்னேன். அப்ப எதுக்குக் கடை வெச்சிருக்கேன்னு திட்டிட்டுப் போறார்."

"அக்கா, நெஜமாவே இன்னாக்கா அது, ஃபிக்ஸட்டு, வேரிஃபோகலு?"

"ஒரு மண்ணும் இல்லடி. வாசல், பொம்மை இந்த மாதிரி எடம் மாறாத சாமானுக்கு ஃபிக்ஸட் போதும், மலிவு. எவ்வளவு தூரம் பார்க்கணும்னு மாட்டும்போதுதான் தெரியும்னா வேரிஃபோகல். திருகிச் சரி பண்ணிட்டு விட்டுடலாம். மழைக்கும் உப்புக் காத்துக்கும் தாங்கற மூடியான்னு பார்த்து வாங்கணும், அவ்வளவுதான். ஆமா, உங்க கடை டோம்லேர்ந்து டிவிக்கு வயர் போறதா?"

ரோஸி யோசித்தாள். சிவப்பு விளக்குக்கான வயர் பக்கத்து பிளக்கோடு நின்றுவிட்டது. பின்னறைக்கு எதுவும் போகவில்லை.

அவள் திரும்பிப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"மொதலாளி, சாமி சொல்றது நெசம்னா, நானே ஒத்துக்கினு போய்டறேன். ஆனா ஒண்ணு. வெள்ளிக்கிழமை பொம்மைக்குப் பதிலா நீ நில்லு."

"நானா? பொம்மையாவா?"

"சாமி உள்ள டிவில பாப்பாரில்ல? 'இன்னா தங்கவேலு, பொடவ கட்டிக்கினு நிக்கற'ன்னு கேட்டாருன்னா அவரு தெய்வம். நான் கால்ல வுழுந்துட்டுப் போய்க்கினே இருப்பேன். முன்னாடியே சொல்லிராத. பாக்கறவருக்கு சொல்றது எதுக்கு?"

தங்கவேல் தயங்கினார். ஆனால் சாமியின் மகிமை ஊரறிய நிரூபணமாகும் என்றால் ஒரு பக்தன் புடவை என்ன, பாவாடையே கட்டுவான். மீசையை மட்டும் எடுக்க மாட்டேன் என்றார். மீசை இருந்தால்தான் சாமிக்கு அடையாளம் தெரிய வசதி என்றாள் ரோஸி.

வெள்ளிக்கிழமை வந்தது. கஞ்சி போட்ட சுங்குடிப் புடவையும், தலை நிறையக் கனகாம்பரமும், முறுக்கிய மீசையுமாகத் தங்கவேல் வாசலில் நின்றார். ரோஸி கொசுவத்தில் குறை வைக்கவில்லை. கையை ஒயிலாக மடக்கி, மூச்சை அடக்கி, பக்தியோடு அசையாமல் நின்றார். கீரை வைக்க வேண்டியவர் பொம்மையாகிவிட்டதால் பசுவின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

நேத்ரானந்தர் ஆட்டோவிலிருந்து இறங்கி, பொம்மைகளைத் தாண்டி, ஆசீர்வதித்தபடியே உள்ளே போனார். ஆசீர்வாதம் வாங்கியவர்களை அவர் எப்போதுமே பார்ப்பதில்லை. முதலாளி எங்கே என்றதற்கு, பூ வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தெருவிலிருந்த மற்றக் கடைக்காரர்களும் அதிசயம் பார்க்கக் கூடிவிட்டார்கள். பின்னறையில் மஞ்சள் துணி விலகியது. புள்ளிகள் கொதித்தன. சாமிக்கு வியர்த்தது. பின்னால் நின்ற ஒரு பெண் விசிறினாள்.

"அனைவரும் கண்களை மூடுங்கள்! ஆஹா, தெரிகிறது. பொம்மை நிற்கிறது. முகத்தில் என்ன மகாலட்சுமிக் களை!"

விசிறி ஒரு கணம் நின்றது. மறுபடி ஆடியது.

"அதோ, ரோஸி வருகிறாள். பதுங்கிப் பதுங்கி வருகிறாள். திருட்டு முழி! முந்தானையைப் பிடித்துவிட்டாள். இழுக்கிறாள்!"

"ஐயோ! இழுக்குதே! முந்தானைய இழுக்குதே!" என்று வாசலிலிருந்து ஓர் அலறல்.

பின்னறை கிடுகிடுத்தது. சாமி சொன்ன வாய் மூடவில்லை, நடந்துவிட்டதே! பாத்திரக்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரோஸி மாட்டிக்கிட்டா!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். ரோஸியும் விசிறியோடு கூடவே ஓடினாள். எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டவர் நேத்ரானந்தர். தான் சொன்னது பலித்த அனுபவம் அவருக்கு அதுவரை இல்லை.

வாசலில் தங்கவேல் உள்பாவாடையோடு சுற்றிக்கொண்டிருந்தார். புடவையின் மறுமுனை பசுவின் வாயில் இருந்தது. பரிகாரப் பசு! கீரை வராத கோபத்தில் நேராகவே சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பசைக்காக நக்கித் தின்கிற நகரத்து மாட்டுக்குக் கஞ்சிப் புடவை என்ன சாதாரண விருந்தா? அது ஓர் இழுப்பு இழுத்து, புடவையை உருவிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் நிதானமாக நடந்தது. பின்னாலேயே ஓடிய வாட்ச்மேன், பாதி மென்ற பழைய புடவைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான்.

"எங்கே அந்த ரோஸி?" என்று பின்தங்கி வந்த சாமி கர்ஜித்தார்.

"இங்கதான் கீறேன் சாமி. இம்மா நேரம் உனக்குத்தான் விசிறிக்கினு இருந்தேன்."

உள்ளே சாமி சொன்னதையெல்லாம் பாத்திரக்கடைக்காரர் தங்கவேல் காதில் போட்டார். தங்கவேல் உள்பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சாமி, மகாலட்சுமிக் களைன்னீங்களாமே. மீசை தெரியலீங்களா?"

"அது... லென்ஸ் இன்னும் வேரிஃபோகல் ஆகவில்லை, தங்கவேலு. ஃபிக்ஸட்டில் மீசை விழாது."

தங்கவேல் துணி அளக்கிற மீட்டர் கோலை எடுத்து டோமில் ஒரே போடு போட்டார். யாருக்கும் கண் அவியவில்லை. ரங்கநாதன் தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று, மேலே கறுப்புப் பெயின்ட்டும் உள்ளே கடை ஸ்டிக்கருமாகக் கீழே உருண்டது. கூடவே சீரியல் செட்டுச் சிவப்பு பல்பு ஒன்று. அதோடு உள்ளே குடியிருந்த பல்லி தங்கவேல் தலையில் விழுந்தது. "தலையில பல்லி விழுந்தா என்ன பலன்?" என்று கூட்டத்தில் இருவர் உடனே விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "அடே, நம்ம கங்காதரன்! கோடம்பாக்கத்துல ஷூட்டிங்குக்கு அட்டைத் துப்பாக்கி பண்ணுவியே, இங்க எப்பய்யா சாமியான?"

சாமி பதில் சொல்ல நிற்கவில்லை. அவருடைய ராசி அலைகிற ராசியாக இருக்க வேண்டும். பனகல் பார்க்கைத் தாண்டுவதற்குள் கடைக்காரர்கள் பிடித்துப் போலீசில் விட்டார்கள். அன்று மாலை உஸ்மான் ரோடு முழுக்கக் கறுப்புக் கிண்ணங்கள் உருண்டன.

தங்கவேல் எல்லார் முன்னாலும் ரோஸியிடம் கைகூப்பினார். "தப்பு பண்ணிட்டேன்மா. மனசுல வெச்சுக்காத."

"மொதல்ல போய் வேட்டி கட்டு மொதலாளி. அப்பால பேசலாம்" என்றாள் ரோஸி. சிரிக்கத்தான் நினைத்தாள். கண் கலங்கிவிட்டது.

மறுவாரம் தங்கவேல் ஜலஜா கடைக்குப் போய் உண்மையான கேமரா கேட்டார். ஜலஜா தூரம் கேட்டாள், அவர் டேப் வைத்து அளந்ததைச் சொன்னார். "ஒங்களுக்கு ஃபிக்ஸட்டே போதும்" என்றாள் அவள்.

தங்கவேல் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! விருச்சிகத்துக்கு ஃபிக்ஸட்னு அன்னிக்கே சொன்னான் அந்தக் கங்காதரன். ஆள் ஃபிராடா இருந்தாலும் விஷயம் தெரிஞ்சவன்!"

ஜலஜா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த நாள் காலை இன்னும் பெரிதாக அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கவேல் சில்க்ஸ் வாசலில் பெரிய கூட்டம். நடுவில் அந்தப் பசு, கழுத்தில் மாலையும் நெற்றியில் குங்குமமுமாக நின்றது. போலிச் சாமியாரைக் காட்டிக்கொடுத்த தெய்வப் பசுவாம். தலையை இடப்பக்கம் ஆட்டினால் ஃபிக்ஸட், வலப்பக்கம் ஆட்டினால் வேரிஃபோகல்.

பாலிஸ்டர் கட்டிய பொம்மையைத் தூக்கிக்கொண்டு ரோஸி வெளியே வந்தாள். வரிசையில் நின்ற பாத்திரக்கடைக்காரர் பவ்யமாகக் கேட்டார்: "ஏம்மா, நீ கூடவே இருந்த பொண்ணாச்சே. கும்ப ராசிக்கு இது என்ன லென்ஸ் சொல்லும்?"

பசு நடந்து வந்து பாலிஸ்டர் புடவையை ஒருதரம் மோந்து பார்த்தது. பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்துக்கினியாண்ணே?" என்றாள் ரோஸி. "மாடுகூட மோந்து பாத்துட்டுத்தான் வாய வெக்குது. நீங்க இன்னாத்த குடுத்தாலும் கண்ண மூடிக்கினு அப்டியே முழுங்குறீங்களே!"