வெள்ளி பூசிய கர்ஜனை

ஒரு காட்டில் சிங்கத்துக்குத் தொண்டை போய்விட்டது. கேசரிவர்மர் என்று பெயர்தான் பெரிசு. வாயைத் திறந்தால் கொட்டாவிபோல் ஒரு காற்று வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கழுதைப்புலிக் கூட்டம் இருந்தது. தினமும் சாயங்காலம் கர்ஜனை கேட்டால்தான் அவை அடங்கிக் கிடக்கும். ஆகவே ஆற்றங்கரைப் பாறைமேல் ஊஃபர் என்கிற, கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் வைத்து ராஜாவின் குரலை ஒலிபரப்புவதென்று முடிவாயிற்று. வேலை, ஸ்பீக்கர் கடை வைத்திருந்த கரடி கருமுத்துவுக்கு வந்தது.

கருமுத்து காகிதக் கூம்பு போட்ட ஊஃபர் ஒன்றை எடுத்துப்போனான். காகிதம் லேசானது, தன் பங்குக்கு எதுவும் கத்தாது; கொட்டாவியைக்கூட நெஞ்சிலிருந்து கிளம்புகிற மாதிரி கனமாகத் தரும். மழையில் நனைந்தால் தொய்ந்துபோகும், அதுதான் குறை. பிளாஸ்டிக் நனையாது, ஆனால் சத்தம் கொஞ்சம் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இதையெல்லாம் சபையில் பொறுமையாக விளக்கினான்.

யாரும் காது கொடுக்கவில்லை. மந்திரியான நரி சாமர்த்தியலிங்கம் கூம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "ராஜாவோட குரலை பட்டாணி மடிக்கிற காகிதத்துலயா கட்டிக் கொடுப்பே?" என்றார். அலுமினியம்தான் கௌரவம் என்று தீர்மானமாயிற்று.

நல்ல உலோகக் கூம்பு இறுக்கமாக, நறுக்கென்று அடிக்கும் என்பது கருமுத்துவுக்குத் தெரியும். மந்திரியின் மச்சினன் கொண்டுவந்து கொடுத்ததோ வெறும் தகடு. அன்றைய கர்ஜனை, பந்தியில் அண்டா உருண்டதுபோல் கணகணத்தது. சபை பளபளப்பைப் பார்த்துக் கைதட்டியது. அக்கரையில் கழுதைப்புலிகள் சிரித்தன. சிரித்துக்கொண்டே ஆற்றைக் கடந்தன. மரிக்கொழுந்து என்ற மானின் குட்டி அன்று வீடு திரும்பவில்லை.

விசாரணை நடந்தது. குட்டி நின்ற இடம் தவறு என்று கண்டுபிடித்தார்கள். கூடவே, இன்னும் உயர்ந்த உலோகமாகப் போடும்படி கருமுத்துவுக்கு உத்தரவு வந்தது.

உண்மையைச் சொன்னால் கடை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பழைய காகிதக் கூம்புக்கு மெல்லிசாக வெள்ளி பெயிண்ட் அடித்துப் பாறைமேல் ஏற்றினான். அன்றைய கர்ஜனை மண்ணோடு மண்ணாக ஊர்ந்துபோய் அக்கரைக் கழுதைப்புலிகளின் கால்களில் ஏறியது. அவை மலை தாண்டி ஓடின. சாமர்த்தியலிங்கத்துக்கு 'உலோகச் செம்மல்' பட்டம் கிடைத்தது. பெயிண்ட் இருந்ததால் மழையும் கூம்பை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் மரிக்கொழுந்து கடைக்கு வந்தாள்.

"இந்த உசந்த உலோகத்தை அன்னைக்கே போட்டிருந்தா என் குட்டி இருந்திருக்கும், இல்லையாண்ணே?"

கருமுத்து பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ஆமா தங்கச்சி. அது கிடைக்கத்தான் நாளாயிடுச்சு" என்றான்.

அவள் போனபிறகு, பக்கத்துக் காடுகளிலிருந்து வந்த ஆர்டர்களுக்காக மிச்சமிருந்த காகிதக் கூம்புகளுக்கெல்லாம் வெள்ளி அடித்தான். சாயங்காலம் கர்ஜனை வந்தது. கண்ணை மூடிக் கேட்டான். என்ன இருந்தாலும் உலோகத்தின் இறுக்கமே தனி என்று அவனுக்கே தோன்றியது.

நீதி: காட்டில் எல்லோரும் கண்ணால்தான் கேட்கிறார்கள். ஊஃபர் செய்ய நினைப்பவரிடம் காது இல்லாவிட்டாலும் பாதகமில்லை, பெயிண்ட் இருக்க வேண்டும்.