வெள்ளச்சி குட்டிக்குச் சீர்

அன்றைக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: பழங்காநத்தம் நல்லகாமன், அவர் மனைவி சீனியம்மாள், எதிர்வீட்டு சைக்கிள் கடை மருது, டாக்டர் அழகுமலை, கம்பவுண்டர் வீரணன், அப்புறம் வெள்ளச்சி. கண்ணால் பார்த்ததாகப் பிற்பாடு சொல்லித் திரிந்த மற்றவர்கள் எவரும் அங்கே இல்லை.

வெள்ளச்சி மேசை மேல் படுத்திருந்தது. நல்லகாமன் சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாகச் சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வந்திருக்கிறோம், தோற்றுப்போய் வரவில்லை என்பது அந்த நிற்பிலேயே தெரிய வேண்டும் என்று அவருக்கு.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசியில் வெள்ளச்சி தலை ஈத்துப் போட்டது. ஆறு குட்டி. பழங்காநத்தத்துக்கு அப்பால் அப்போது வயல்தான். விளக்கு வைத்துவிட்டால் தவளைச் சத்தமும் நாய்ச் சத்தமும் தவிர வேறு கேட்காது. தெருவில் ஆளுக்கு ஒரு நாய், நாய்க்கு நாலு குட்டி.

ஆனாலும் தன் வீட்டுக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கரையில் விட நல்லகாமனுக்கு மனம் வரவில்லை. "நம்ம வீட்ல பொறந்தது வெறுங்கையோட வாசல் தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார். குட்டி ஒன்றுக்கு ஒரு படி கம்பு, கழுத்துக்கு வெண்கல மணி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீடு மாதிரி சீர் வைத்துத்தான் அனுப்பினார். வாங்குகிறவர்கள் உட்கார்ந்து அவர் புத்திமதியைக் கேட்க வேண்டும்: கார்த்திகை, மார்கழியில் நாயைக் கட்டிப் போடணும், கண்ட இடத்தில் மேய விடக் கூடாது, வளர்க்கிறவன் ஒழுங்காக இருந்தால் நாயும் ஒழுங்காக இருக்கும். ஆறும் ஒரே நாளில் போய்விட்டன.

பங்குனியில் எழுமலை நிலத்தில் அறுப்பு. பத்து நாள் கழித்து அவர் திரும்பியபோது வெள்ளச்சி இளைத்துக் கிடந்தது. உங்களைக் காணாத ஏக்கம் என்றாள் சீனியம்மாள். அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

சித்திரையில் அழகுமலை டாக்டர் மாற்றலாகி வந்தார். தெருத்தெருவாகப் போய், நாய்களுக்குக் கருத்தடை ஆபரேசன் செய்யலாம் என்றார். எமர்ஜென்சியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து, ஆபரேசன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆண்கள் வேலி தாண்டி ஓடிய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. நல்லகாமன் வாசலிலேயே மறித்தார்.

"எங்க வீட்டு நாய்க்கு ஆபரேசன் வேணாம் டாக்டர். புத்தி சொன்னாப் போதும். நாய்க்கில்ல, வளக்குறவனுக்கு."

"ரெண்டும் வேணும்யா."

"எனக்கு ஒண்ணு போதும்."

ஆடியில் ஒருநாள் காலை, கொல்லை வைக்கோல் படப்போரம் மூன்று குட்டிகள். குட்டி போட்ட இடத்துக்கு ஆண்பிள்ளை போவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. முற்றத்திலிருந்தே கேட்டார்: "வெள்ளச்சி போட்டதா?"

"அது பக்கத்துலதான் கெடக்கு" என்றாள் சீனியம்மாள்.

புத்திமதி போதவில்லை என்று முடிவு செய்தார் நல்லகாமன். சீரோடு ஒரு இரும்புச் சங்கிலியும் சேர்த்துக் கொடுத்தார், கட்டிப்போடாமல் இருக்கச் சாக்குச் சொல்லக் கூடாதல்லவா. ஆவணியில் ஐந்து குட்டி. புத்திமதியை அரைமணி நேரம் நீட்டி, கம்பை இரண்டு படியாக்கினார். புரட்டாசியில் இரண்டு முறை. குட்டி விழுந்த சேதி அவர் காதுக்கு வருவதற்குள், வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள். தெருவில் புத்திமதிக்கு இவ்வளவு பசியா என்று அவருக்கே பெருமை.

ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி, ஒன்றுக்குக் காது தரையைத் தொட்டது.

"என்ன மாமா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாயல்ல இருக்கு?" என்றான் மருது.

"எங்க அய்யாவுக்கு நாங்க ஆறு பேரு மாப்ள. எவன் எவன் மாதிரி இருக்கான்?"

அப்போது செவலைக் குட்டி ஒன்று தத்தித் தத்தி வந்து மருதுவின் காலை நக்கி வாலாட்டியது. அவன் கடை வாசலில் கிடக்கும் நாயும் செவலைதான். "பாத்தியா, எங்க வீட்டுக் குட்டி, மனுசன எடை போட்டு வச்சிருக்கு" என்று அதை அவனுக்கே கொடுத்தார் நல்லகாமன், இரண்டு படி கம்போடு.

இத்தனை சீக்கிரம் ஒரு நாய் ஈனாதே என்று டாக்டர் ஒருமுறை சந்தேகப்பட்டார். எங்கள் வீட்டில் எல்லாமே கொஞ்சம் விருத்தி என்று பதில் வந்தது.

ஆனால் டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி போனது. ஊருக்கெல்லாம் ஒழுக்கம் சொல்கிறவர் வீட்டு நாயைப் பாருங்கள் என்றார்கள். அது சுருக்கென்று தைத்தது. ஐப்பசியில் டீக்கடை முன்னால் நின்று சொன்னார்:

"இனி ஒரு குட்டி எங்க வீட்ல கண்ணு முழிச்சா, நானே இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்ல, இந்தத் துண்ட எந்தோள்ல பாக்க மாட்டீக."

வெள்ளச்சியைக் கூடத்துத் தூணில் கட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். எட்டாம் நாள் வைக்கோல் படப்போரம் நாலு குட்டி. தெருவே வாசலில் நின்றது. பூட்டிய கூடத்தில் கிடந்த நாய் கொல்லையில் எப்படி என்று அவர் யோசிப்பதற்குள், சீர் எப்போது என்று மருது கேட்டுவிட்டான்.

சீனியம்மாள் அன்று அஷ்டமி என்றாள். மறுநாள் கரிநாள் என்றாள். நாய்க்கு நீர்க்கோவை என்றாள். வாக்கு வாக்குதான் என்று அவர் கிளம்பிவிட்டார்.

இப்போது வீரணன் வெள்ளச்சியின் வயிற்று மயிரை வழித்துக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றது. குனிந்து பார்த்தான். நிமிர்ந்து சீனியம்மாளைப் பார்த்தான். அவள் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்ததாகச் சொல்லி மருது கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"வெரசா முடிங்கப்பா" என்றார் நல்லகாமன், சுவரை விட்டுக் கண்ணெடுக்காமல். "இருவதுக்கு மேல குட்டி போட்டுருச்சுன்னு ஊரே பேசுது. குடும்ப மானம் போகுது."

"ஊர்ல சொல்றது பொய்யிங்கய்யா. மொத ஈத்து ஆறோட சரி. பங்குனியில இந்த அக்காதான் கூட்டியாந்து இதுக்கு ஆபரேசன் பண்ணிட்டுப் போச்சு" என்றான் வீரணன்.