நாலாயிரம் முறை தேறிய கார்

பழைய வாகனங்களால் பொதுமக்களின் உயிருக்கு ஊறு நேராதிருக்கும் பொருட்டு, கானாவின் அந்த மலைநகரில் வாடகைக் கார் ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்தாக வேண்டும். தேறினால் முன்கண்ணாடியில் மஞ்சள் வில்லை ஒட்டுவார்கள். வில்லை இல்லாமல் ஆள் ஏற்றினால் வண்டி பறிமுதல்.

யாவ் டார்கோவின் காருக்கு வயது இருபத்தாறு. அவன் குடும்பமே அந்தக் காரை நம்பித்தான் சாப்பிட்டது. மலையிறக்கத்தில் ஓட்டுகிறவன் என்பதால் பிரேக்கைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். தீயணைப்பு சிலிண்டர்கூடச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தான். வினை அங்கேதான் பிடித்தது.

மற்ற டிரைவர்கள் எல்லாம் பரிசோதனை நிலைய வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் அடோமாவிடம் சிலிண்டர், மாற்று டயர், முக்கோணப் பலகை எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பார்கள். உள்ளே காட்டிவிட்டுத் திரும்பும்போது கொடுத்துவிடுவார்கள். கார்கள் உள்ளே வரும்போது சக்கரத்துக்கு முன்னால் கல் போட்டு நிறுத்த, அரசுச் சம்பளத்தில் இரண்டு ஊழியர்கள் இருந்தார்கள். யாவின் கார் தானாகவே நின்றதைப் பார்த்து இருவரும் கல்லும் கையுமாகத் திகைத்துப்போனார்கள்.

பரிசோதகர் அக்ரொஃபி சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் ஐயா."

"இதை நான் பாத்ததே இல்லையேப்பா. அடோமா சிலிண்டரைப் பதினோரு வருஷமா பாஸ் பண்றேன். ஒரு நாள், ஒரு குறை உண்டா? இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

பிரேக்கையாவது பாருங்கள் என்று யாவ் கெஞ்சினான். அக்ரொஃபி பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். பிரேக் அதில் இல்லை. குடையடியில் வாடகைக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்டுக் குடிமக்களை வதைப்பது அரசின் நோக்கமன்று என்று விளக்கிவிட்டு, 'தேறவில்லை' என்று சிவப்பு மையில் எழுதினார்.

வெளியே வந்த யாவை அடோமா கென்கே என்னும் புளித்த சோளமாவு உருண்டையைப் பிட்டுத் தின்றுகொண்டே ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வண்டியில ஓடுறதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருக்கு. பாஸாகுறதுக்கு வேண்டியதுதான் ஒண்ணும் இல்ல. பேசாம என் நீலக் காரை எடுத்துட்டுப் போங்க."

நீலக் காருக்கு எஞ்சின் கிடையாது. யாவ் தன் நம்பர் பலகையைக் கழற்றி அதில் மாட்டினான். நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். அக்ரொஃபி நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். புகை: இல்லை. இரைச்சல்: இல்லை. எண்ணெய்க் கசிவு: அறவே இல்லை. நாலாயிரம் முறை தேறிய வாகனம் அது. 'பிறருக்கு முன்மாதிரி' என்று குறிப்பெழுதி வில்லையைக் கொடுத்தார். யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பலகையைத் திரும்ப மாட்டி, வில்லையைத் தன் காரில் ஒட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பறந்தான்.

சாயங்காலம் பின்சீட்டில் மூன்று பேர் ஏறியிருந்தார்கள். அலுவலகம் விட்டு வந்த அக்ரொஃபியும் முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

"காலையில என்கிட்ட பெயிலான வண்டிதானே? இதுக்காகத்தான் அப்போலேர்ந்து காத்திருக்கேன்."

"பெயிலா? அது காலையில ஐயா. இப்ப பாஸு," என்று யாவ் பெருமையாக வில்லையைக் காட்டினான்.

அக்ரொஃபி வைத்த காலை வெளியே எடுத்தார்.

"போச்சு. ஊருக்குள்ள நம்பி ஏற ஒரே ஒரு வண்டி இருந்துச்சு."

பின்சீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பைகளோடு இறங்கினார்கள்.

யாவ் நகத்தால் வில்லையைச் சுரண்டி எடுத்தான். உடனே எல்லோரும் ஏறினார்கள். முன்சீட்டில் அக்ரொஃபி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"மெதுவா போப்பா, கீழே போலீஸ் நிக்கிறான். வில்லை இல்லாம மாட்டினா உள்ள இருக்கிற என் மானம் போயிடும். ஆமா, அடுத்த சோதனைக்கு எப்போ வர்றே?"