'இருக்காது' அண்ணன்

வெளிநாட்டிலிருந்து சேவை செய்ய வருகிறவர்களிடம் இங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. என்னவெல்லாம் இருக்காது என்று சொல்வதற்காகவே பிறந்தவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் ஜீப் டிரைவர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் 'இருக்காது' அண்ணன்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் டைப்பிஸ்ட். கல்வராயன் மலையில் பள்ளிக்கூடம் கட்ட, கிணறு வெட்ட என்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் சொந்தச் செலவில் வருவார்கள். அவர்கள் ஊரில் கொடுத்தனுப்பிய புத்தகத்தில் அருவியும் சிரித்த முகங்களும் கலர் கலராக இருக்கும். உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, அந்தப் புத்தகத்தைத் தன் பாணியில் திருத்துவார். மொழிபெயர்ப்பது என் தலையெழுத்து.

"கக்கூஸ், இருக்காது. கரண்ட், இருக்காது. ரோடு பாதி மலை வரிக்கும் இருக்கும், அப்பால இருக்காது. தேங்க்ஸ், இருக்காது."

கடைசிச் சமாச்சாரத்தில்தான் எல்லோரும் முழிப்பார்கள்.

"மலையில எவனும் தேங்க்ஸ் சொல்ல மாட்டான். சாப்டியான்னு கேப்பான். கேட்டான்னா உன்னிய அவனுக்குப் புடிச்சிப்போச்சின்னு அர்த்தம். கேக்கலன்னா மூட்டையக் கட்டிக்க."

இப்போது யோசித்தால், அந்தக் கலர் புத்தகம் முழுவதையும் விட இந்த ஒரு தகவல்தான் உருப்படி.

மேனேஜர் ஒருநாள் கத்தினார். "இப்படிப் பயமுறுத்தினா யாருய்யா வருவான்?"

"இருக்குன்னு சொல்லி இல்லாம போனா நம்மளத் திட்டுவான் சார். இல்லன்னு சொல்லி இருந்துட்டா சந்தோசப்படுவான். நமக்கு இன்னா நஷ்டம்?" என்றார் அண்ணன்.

நான் லீவில் இருந்த ஒரு நாள், இந்த வார்த்தையை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த ஒரு இங்கிலாந்துத் தம்பதி, தமிழில் வணக்கத்துக்கே அதுதான் வார்த்தை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மலைக் கிராமத்துப் பெரியவரைப் பார்த்ததும் இருவரும் பக்தியாகக் கைகூப்பி, "இருக்காது" என்றார்கள். காலையிலிருந்து சமைத்து வைத்துக் காத்திருந்த மனிதர் பதறிப்போய், "இருக்குதுங்க, இருக்குதுங்க! சாமைச் சோறு இருக்குது!" என்று பானையைத் திறந்தே காட்டிவிட்டார்.

படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லாவே சாலையில் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேய ஹாலந்திலிருந்து வந்திருந்தான் ஒரு தச்சன். நெட்டையான பையன். பெயர் யான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"உன் பேரு இன்னாப்பா?"

"யான்."

"ஏனா? சும்மா தெரிஞ்சிக்கத்தாம்பா."

மலை முழுக்க இதே கதை. நல்ல பையன், பேரைக் கேட்டால் மட்டும் 'ஏன்' என்று கோபித்துக்கொள்கிறான் என்று ஊரில் வருத்தப்பட்டார்கள். கூரை முடிந்தபோது அவனிடம் இருந்த தமிழ் இரண்டே வார்த்தை. ஒன்று 'சாப்டாச்சு'. இன்னொன்றைச் சொல்லவே வேண்டாம்.

ஹாலந்தில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அம்மா அப்பா இல்லை. அவளுக்கு இவன், இவனுக்கு அவள். மெட்ராஸிலிருந்து அவன் பிளேன் ஏற வேண்டிய வாரம் பார்த்து ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல். பஸ் ஒன்றும் ஓடவில்லை. ஜீப்பைத் தொடக் கூடாது என்றார் மேனேஜர். யான் ஆபீஸ் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்து அண்ணனை நிமிர்ந்து பார்த்தான்.

"பிளேன்... இருக்காது?"

அண்ணன் ஜீப் சாவியை எடுத்தார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, "இருக்கும்டா. ஏறு" என்றார்.

துணைக்கு நானும் ஏறினேன். தியாகதுருகம் தாண்டுவதற்குள் ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேல் பத்துப் பதினைந்து பேர். அவர்கள் கேட்டதும் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் அன்று நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை.

நடுவில் இருந்த மீசைக்காரர் எழுந்து வந்தார். "வண்டியத் திருப்பு. ஆம்புலன்ஸ் தவுர எதுவும் போவாது. யாரு இந்த வெள்ளக்காரன்? பேரு இன்னா?"

"யான்."

"ஏனா? ராவும் பகலுமா ரோட்ல குந்திக்கினு கீறோம், எங்களையே ஏன்னு கேக்கறியா?"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, யான் இன்னும் பலமாக, "யான்! யான்!" என்றான்.

அண்ணன் ஜீப்பிலிருந்து குதித்தார். "அண்ணே, அவன் பேரே அதாங்க! பெத்தவங்க வச்சிட்டுப் பூட்டாங்க, நாம இன்னா பண்றது? தங்கச்சி கல்யாணத்துக்குப் போறான். கூடப் பொறந்தவன் இவன் ஒருத்தன்தான். இவன் போவலன்னா மாப்ளைக்கு மோதரம் போட ஆளு இருக்காதுங்க."

கூட்டம் அப்படியே அடங்கியது. ஹாலந்தில் மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடும் வழக்கமே கிடையாது. அது அண்ணனுக்கும் தெரியாது, மறியல்காரர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. யான் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்குத் தமிழ் தெரியாது.

"மச்சான் மோதரம் போடாம இன்னா கல்யாணம்?" என்றார் மீசைக்காரர். "வண்டி போவாது. சொன்னா சொன்னதுதான். ஆளு போலாம். அடுத்த மரத்துலயும் நம்ம ஆளுங்கதான். பொண்ணோட அண்ணன்னு சொல்லு, வுட்ருவாங்க." யானின் பெட்டியை நாலு பேர் மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். இரண்டு சைக்கிள் வந்தது. கிளம்பும்போது மீசைக்காரர் அவன் தோளைத் தட்டி, "சாப்டியா தம்பி?" என்றார்.

யான் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "சாப்டாச்சு" என்றான்.

மரத்துக்கு மரம் சைக்கிள் மாற்றி, விழுப்புரத்தில் ரயில் ஏற்றிவிட்டுத்தான் அண்ணன் திரும்பினார். அதுவரை ஜீப்புக்குக் காவலாக நான் மறியல்காரர்களோடு அவர்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்து ஒரு போட்டோ வந்தது. கல்யாணப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். யான் மாப்பிள்ளையின் விரலைப் பிடித்து மோதிரம் போடுகிறான். மாப்பிள்ளை, பாவம், இது என்ன கூத்து என்பது போல் பார்க்கிறான். வழி நெடுக அண்ணன் விரலைக் காட்டிக் காட்டிச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் போட்டோவை ஜீப்பின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டார். அடுத்து வந்தவர்களிடம் வழக்கம்போல, "தேங்க்ஸ், இருக்காது" என்றார்.

நிறுவனத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. அண்ணன் இப்போது ரிஷிவந்தியத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்ப்பேன். போனதும், "சாப்டியா?" என்பார். கிளம்பும்போது, "அடுத்த வருசம் வந்தீன்னா ஆளு இருக்காதுப்பா" என்பார். பல வருஷமாக இதையே சொல்கிறார். இருந்தாலும் ஒவ்வொரு பொங்கலுக்கும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போக மாட்டேன். தெருமுனையில் நின்று எட்டிப் பார்ப்பேன்.

இருக்கிறார்.