சம்பந்தி கொடுத்த இசைத்தட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி சௌக்கியம். பிள்ளைகள் இருவரும் போன வாரம் வந்து போனார்கள், அவர்களும் சௌக்கியம். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீங்கள். சம்பந்தி என்கிற மரியாதைக்குக் குறைவு வராமல் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று நீங்கள் என்னைத் தனியாக ஒரு மூலைக்கு அழைத்துப்போய், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜாஸ் இசைத்தட்டைக் கையில் திணித்தீர்கள். "ரெண்டு வாங்கி வெச்சிருந்தேன் சம்பந்தி. இன்னொண்ணை யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியாமலே இருந்துது. இதை மாதிரி ஒண்ணு நீங்க கேட்டிருக்க மாட்டீங்க" என்றீர்கள். கப்பலில் எஞ்சினியராக இருந்த காலத்தில் ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் வாங்கியது என்றும் சொன்னீர்கள். உறையில் இருந்தது நம் இருவருக்கும் தெரியாத மொழி. ஒரு படம்கூட இல்லை, வெறும் நீல நிறம். நீங்கள் சொன்னது உண்மைதான், அதை மாதிரி ஒன்றை நான் கேட்டதே இல்லை. ஏன் கேட்டதில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

கண்ணாடிக் கடை மாடியில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு எங்கள் ஜாஸ் வட்டம் கூடும் என்று உங்களுக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஏழு பேர். வீட்டில் அந்த வாரம் எந்தத் தட்டை ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோமோ அதை எடுத்துவந்து, நாலு வார்த்தை பேசி, ஒரு பக்கம் போட்டுக் காட்ட வேண்டும். நான்தான் தலைவர். எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்பதால் அங்கே எனக்குப் பட்டப்பெயரே தராசு. நான்கு வருஷமாக மாதத்தின் முதல் ஞாயிறு நான் கொண்டுபோவது உங்கள் நீலத் தட்டைத்தான். நாலு வார்த்தை என்பது என் விஷயத்தில் நாற்பது நிமிஷம் ஆகும், அதை யாரும் ஆட்சேபித்தது கிடையாது. இதில் பாடுகிறவர் வயதானவர், மனைவியைப் பறிகொடுத்தவர், அந்த அடிக்குரலில் இருப்பது தொண்டை இல்லை, துக்கம் என்று நான் சொல்வேன். டிரம் அடிக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யோசிக்கிறார் பாருங்கள் என்பேன். பூகோள வாத்தியார் கைக்குட்டையை எடுப்பார். நீச்சல் பயிற்சியாளர் இதைப் போனில் பதிவு செய்துகொண்டுபோய் அவர் அப்பா இறந்த அன்று வீட்டில் போட்டார். லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர்தான் முதல் வருஷத்தில் ஒருநாள், "கொஞ்சம் இழுவையா இல்ல சார்?" என்று கேட்டார். ரசனை வளர்ந்த பிறகு வாருங்கள் என்று அவரை மூன்று வாரம் தள்ளி வைத்தேன். இதெல்லாம் உங்களை நம்பிச் செய்தது, சம்பந்தி.

இப்போது ஒரு பல் டாக்டர் அம்மாள் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். வந்து இரண்டு வாரம்தான். போன ஞாயிறு நான் பேசி முடித்து, ஊசியை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அந்த அம்மாள் மூடவில்லை. பிளேயருக்குப் பக்கத்தில் போய், வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் குனிந்து பார்த்திருக்கிறார்.

"சார், இது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து இல்ல சுத்தணும்? நீங்க முப்பத்துமூணுல விட்டிருக்கீங்க."

"அம்மா, பாட்டு நடக்கும்போது பேசறது இங்க வழக்கமில்ல."

"பாட்டு நடக்கல சார், தவழுது."

என்னைக் கேட்கவில்லை, தலைவர் என்று ஒருவன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறானே என்று பார்க்கவில்லை, பிளேயரின் வேகக் குமிழைப் பிடித்து ஒரே திருப்பு. அவ்வளவுதான். என் வயதான மனிதர் போய்விட்டார். அந்த இடத்தில் ஒரு பெண், இருபத்திரண்டு வயசுக்கு மேல் சத்தியமாக இருக்காது, சிரித்துக்கொண்டே பாடுகிறாள். யோசித்து யோசித்து அடித்துக்கொண்டிருந்த டிரம்காரர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி அடிக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் நீண்ட விம்மல் என்று நான் நான்கு வருஷமாக விளக்கம் சொன்னேனே, அது விம்மல் இல்லை, சம்பந்தி. கூட்டத்தில் எவனோ விசில் அடிக்கிறான்!

அப்புறம் அங்கே நடந்ததை எழுதவே கை கூசுகிறது. லிஃப்ட் மெக்கானிக் எழுந்து நின்று தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பூகோள வாத்தியார் கைக்குட்டையை என் பக்கம் ஆட்டி, "நாலு வருஷம் அழுதிருக்கேன் சார்! யாருக்காக அழுதேன் நான்? சொல்லுங்க, யாருக்காக?" என்று கத்தினார். நீச்சல் பயிற்சியாளர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் இருக்கிறாரே, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து எங்களை வாழவைக்கிற மனுஷன், அவர் கேட்டார்: "தராசு சார், முப்பத்தொரு வருஷத்துல எத்தனை கடைக்கு சீல் வெச்சிருப்பீங்க? அந்தப் பாவப்பட்டவங்க விலாசம் எல்லாம் இருக்கா?" பல் டாக்டர் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் 45 என்று போட்டிருக்கிறது. அதை நான் பார்க்காமல் இல்லை. பார்த்திருக்கிறேன். கம்பெனியின் கதவு எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மானம் கப்பலேறிவிட்டது சம்பந்தி. கப்பல் உங்களுடையது.

வருகிற ஞாயிறு புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். பல் டாக்டர் பெயரை முன்மொழியப் போவது லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன்னால் நான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆறு பேர் முகத்தில் விழிக்க வேண்டும். என்னவென்று சொல்வேன்? கொடுத்தவர் சொல்லவில்லை என்றா? இருபத்தேழு வருஷம் கப்பல் எஞ்சினைச் சுற்றவிட்டே பிழைத்த மனுஷன், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரிந்த மனுஷன், ஒரு தட்டைக் கொடுக்கும்போது இதை இந்த வேகத்தில் போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய்ல என்ன கொழுக்கட்டையா? சரி, அன்றைக்குக் கல்யாணக் களேபரத்தில் மறந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நான்கு வருஷமாக மாதம் ஒரு கடிதம், இப்போது என்ன கேட்கிறீர்கள், நான் என்ன கேட்கிறேன் என்று ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொள்கிறோமே, அதில் அந்த மனிதரின் துக்கத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினேனே, நீங்கள் பதிலுக்கு என்ன எழுதினீர்கள்? "ஆமாம் சம்பந்தி, என்ன குரல், என்ன தனிமை, நேற்றுகூடக் கேட்டேன், சாப்பிடப் பிடிக்கவில்லை." எடுத்துவைத்திருக்கிறேன், எல்லாக் கடிதமும் பெட்டியில் இருக்கிறது. எழுதிவிட்டு அங்கே விழுந்து விழுந்து சிரிச்சிருப்பீங்க, அதானே? சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டு, பாரு பாரு, தராசு அழுவுதுன்னு காட்டியிருப்பீங்க. என் தலைல மிளகாய் அரைக்கிறதுக்கு நாலு வருஷமாச்சா உங்களுக்கு? பொண்ணைக் கொடுத்தவன்தானே, என்ன செஞ்சாலும் வாயை மூடிட்டு இருப்பான்னு நினைச்சீங்களா?

ஆகவே, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மெதுவாகவும் கேட்கத் தக்க தட்டுதான் என்று உங்கள் கையெழுத்தில், முன்னாள் எஞ்சினியர் என்ற பதவியையும் போட்டு, சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும்படி ஒரு கடிதம் அனுப்புங்கள். இல்லையென்றால் வேண்டுமென்றே செய்த கேலி என்று ஒப்புக்கொண்டு எழுதுங்கள், அதையாவது வாசித்துக் காட்டுகிறேன். இரண்டும் வரவில்லை என்றால் உங்கள் வீட்டு வாசற்படியை இனி மிதிக்க மாட்டேன். தட்டைப் பார்சலில் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னிடம் இரவல் வாங்கிய பியானோ தட்டை, தினமும் காலையில் அதைக் கேட்டால்தான் பொழுது விடிகிறது என்று எழுதினீர்களே அதை, உடனே அனுப்பி வையுங்கள். உங்கள் பொழுது எப்படி விடிகிறது என்று நானும் பார்க்கிறேன்.

மற்றபடி, முழங்கால் வலிக்குச் சூடு வைத்துக்கொள்ளுங்கள், அலட்சியமாக இருக்காதீர்கள். சம்பந்தியம்மாளுக்கு என் மரியாதையான வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள், இந்தப் பாவத்தில் அவர்களுக்குப் பங்கில்லை.

இப்படிக்கு,
கடுங்கோபத்துடனும், குறையாத மரியாதையுடனும்,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டப் பசை எங்கே என்று கேட்கச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள். "இதை அனுப்பாதீங்க, பாவம், அவருக்கும் தெரியாது" என்றாள். என்ன தெரியாது என்றேன். "வேகம்தான். அங்கயும் முப்பத்துமூணுலதான் ஓடுது. சம்பந்தியம்மா முதல் வருஷமே போன்ல சொல்லிட்டாங்க." உனக்கெப்படி நாற்பத்தைந்து என்று தெரியும் என்றேன். "அதான் நடுவுல போட்டிருக்கே?" ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சரியான வேகத்துல போட்டா ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிஷம். நீங்க போடறபடி பதினாறு. ரெண்டு பக்கத்துக்கு எட்டு நிமிஷம் கூடுதலா நீங்க வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பீங்க. சம்பந்தியம்மாவும் கடிகாரம் வெச்சுப் பார்த்தாங்க. அங்கயும் எட்டுதான்."

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆள் மாறிவிட்டது. உங்கள் மேல் நான் எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பியானோ தட்டு உங்களிடமே இருக்கட்டும். கிழித்துப் போடாமல் இதை ஏன் அனுப்புகிறேன் என்றால், நேற்று அந்த நீலத் தட்டை நாற்பத்தைந்தில் தனியாகப் போட்டுக் கேட்டேன். நல்ல பாட்டுதான், நன்றாகத்தான் பாடுகிறாள். ஆனால் நான்கு வருஷம் பழகிய அந்த மனிதர் அதில் இல்லை. அவர் எங்குமே இருந்ததில்லை என்பதை என்னால் ஒருத்தரிடமும் சொல்லி வருத்தப்பட முடியவில்லை, சிரிப்பார்கள். உங்களுக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சம்பந்தி. கூட்டம் மூன்று மணிக்கு. நான் இரண்டரைக்கே கண்ணாடிக் கடை வாசலில் நின்றுகொண்டிருப்பேன். நீங்கள் வராமல் மேலே போக மாட்டேன்.